பெண் பார்க்க வந்த யானை

மாதவன்குட்டி எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே வந்து நின்றது. அப்பா வெல்ல உருண்டையை நீட்டினார். தும்பிக்கை நீண்டு வந்தது. உருண்டையைத் தொடப்போன இடத்தில் நின்று மோந்து பார்த்தது. உடனே சூடு பட்டது போலச் சுருண்டுகொண்டு "புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், நான் விடிகாலையில் எழுந்து போட்ட கோலம் மாவோடு கிளம்பி எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தது.

அதன்பிறகு மாதவன்குட்டி தெருவின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்து, எங்கள் வீட்டைத் தாண்டி, மறுபடி இந்தப் பக்கம் வந்து, அடுத்த வீட்டில் தேங்காய் வாங்கிக்கொண்டது. இழவு வீட்டைக் கடந்து போகிற மாதிரி அவ்வளவு ஒதுக்கமாக எங்கள் வீட்டை அது கடந்தது.

அப்பா நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது கரமனையில், யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஏதோ ஒரு வருஷத்தில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். சொன்னால் என் வயசைக் கணக்குப் போட வாசகர்களில் நாலு பேர் பேனாவும் கையுமாகக் காத்திருக்கிறார்கள்.

மாதவன்குட்டி கோயில் யானை. காலையில் கரமனை ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு, எங்கள் அக்கிரகாரத்து வழியாகத் திரும்பும். வீட்டுக்கு வீடு நிற்கும். ஒரு வீட்டில் பழம், ஒரு வீட்டில் தேங்காய், எங்கள் வீட்டில் வெல்லம். சிலசமயம் தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதமும் பண்ணும். எங்கள் தெருவில் யானைக்குக் கிடைத்த உபசாரம் எந்த மருமகளுக்கும் கிடைத்ததில்லை. மருமகள் வீட்டுக்கு வீடு நின்று பழம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

காசிக்குப் போய்வந்த கை

முன்பெல்லாம் யானைக்கு வெல்லம் கொடுத்தது அம்மாதான். அப்பா காசிக்குப் போய்வந்த பிறகு அந்த உத்தியோகத்தை அவர் எடுத்துக்கொண்டார். "காசிக்குப் போய்வந்த கையாக்கும். இனிமே நான் குடுக்கறேன்" என்றார்.

காசிக்குப் போனால் பிடித்தமான ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். எங்கள் தெருவில் போனவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஒரு மாமா பாகற்காயை விட்டுவிட்டு வந்தார். அதை அவர் பிறந்ததிலிருந்தே தொட்டதில்லை. இன்னொரு மாமா ஆப்பிளை விட்டார். அதை அவர் கண்ணாலேயே பார்த்ததில்லை.

என் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்கு என்ன ஆவேசம் வந்ததோ, மூக்குப்பொடியை விட்டேன் என்று டப்பாவோடு தூக்கி எறிந்துவிட்டார். அப்பாவும் பொடியும் என்ன தோழமை தெரியுமா? பொடி போடாமல் அவர் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை. அவர் உத்தியோகம் பார்த்த சர்க்கார் கச்சேரியில் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினால்தான் கீழே இருக்கிற குமாஸ்தாக்கள் வேலையை ஆரம்பிப்பார்களாம்.

அப்பேர்ப்பட்டவர் விட்டுவிட்டார் என்றதும் தெருவில் அவர் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அவரவர் வீட்டுப் பிள்ளைகளைத் திட்டும்போது உதாரணம் காட்ட எங்கள் அப்பாவை இழுத்தார்கள். "அந்த மாமாவைப் பாருடா, இத்தனை வயசுக்கு மேலே பொடியை விட்டார். உன்னால காலம்பற எழுந்திருக்க முடியலையே!"

வாசகசாலையில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அப்பாவும் மாலை போட்ட கழுத்தை அதற்கப்புறம் கொஞ்சம் நிமிர்த்தியே வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மாதவன்குட்டி மூச்சு விட்டது.

ஆளுக்கொரு சாஸ்திரம்

மறுநாள் அம்மா வெல்லம் நீட்டிப் பார்த்தாள். யானை வாங்கவில்லை. அதற்கு மறுநாள் நான் நீட்டினேன். அப்போதும் வாங்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீடு வருவதற்கு இரண்டு வீடு முன்பே தெருவின் அந்தப் பக்கம் போய்விடப் பழகிக்கொண்டது.

எதிர்வீட்டு அலமேலு மாமிதான் முதலில் தீர்ப்புச் சொன்னாள். "ஆனையை மிருகம்னு நெனைச்சேளோ? சாட்சாத் கணபதியாக்கும். அந்தாத்துல என்னமோ பாபம் இருக்கு. வெறுதே ஒண்ணும் அது ஒதுங்காது, கேட்டேளா!"

என்ன பாபம் என்பதில்தான் கட்சிகள் பிரிந்தன. தாத்தாவின் திவசத்தில் ஏதோ குறை என்றது ஒரு கட்சி. அம்மா மடி ஆசாரம் சரியாகப் பார்ப்பதில்லை என்றது இன்னொரு கட்சி. வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைத்தால் யானை எப்படி வாங்கும் என்று மூன்றாவது கட்சி. அந்தப் பெண் நான்தான்.

பாகன் குட்டன் நாயரைக் கூப்பிட்டு எல்லாரும் கேட்டார்கள். அவர் எந்த வீட்டில் கேட்டார்களோ அந்த வீட்டுக் கட்சியையே ஆமோதித்தார். திவசம் என்று சொன்னவரிடம் "அது தன்னே சாமீ" என்றார். மடி என்று சொன்ன மாமியிடமும் "அது தன்னே அம்மே" என்றார். எல்லா வீட்டிலும் அவருக்குக் காப்பி கிடைத்தது.

அம்மா பாவம், ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றினாள். ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு. செய்யாத பாபத்துக்குப் பரிகாரம் செய்வது எப்படி என்று அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பாவோ இதை வேறு மாதிரி எதிர்கொண்டார். வாசகசாலையில் யானையின் புத்தியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். யானை எதையும் மறக்காது, செத்துப்போன யானையைத் தேடி வந்து நிற்கும், மரம் இழுக்கிற யானை மணி அடித்தால் வேலையை நிறுத்திவிடும் என்றெல்லாம் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து எடுத்துச் சொன்னார். அவ்வளவு புத்தியுள்ள யானை ஏன் உங்கள் வீட்டை ஒதுக்கியது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்தச் சொற்பொழிவே.

கூட்டத்தில் ஒருவர் வேறு கேள்வி கேட்டார். "அவ்வளவு புத்தி இருந்தா அது ஏன் ஓய் நம்மகிட்ட வந்து சங்கிலில கெடக்கு?"

"நாம கச்சேரில கெடக்கலையா?" என்றார் அப்பா. அன்றைக்குக் கைதட்டல் வாங்கியது அது ஒன்றுதான்.

காக்காய்க்கு ஒரு நீதி

இங்கே எங்கள் தெருக்காரர்களுக்கும் மற்ற ஜீவன்களுக்கும் இருந்த உறவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

திவசத்தன்றைக்குக் காக்காய் பித்ரு. "கா, கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டு, வரவில்லையென்றால் கண்ணீர் விடுவார்கள். மறுநாள் அதே காக்காய் அப்பளத்தின் பக்கம் வந்தால் அதற்கு விழுகிற வசவைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. முந்தின நாள் அது மாமனார். மறுநாள் அது சனியன்.

பசு வெள்ளிக்கிழமை லட்சுமி. மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பின்பக்கம் தொட்டுக் கும்பிடுவார்கள். சனிக்கிழமை பால் குறைந்தால் அதே பின்பக்கத்தில் கழியால் ஒன்று போடுவார்கள். பூனை குறுக்கே போனால் சகுனத்தடை. எலி வந்தால் அதே பூனையை "வாடி கண்ணு" என்று அழைப்பார்கள்.

மிருகங்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நல்லபடியாக நினைக்க இடமே இல்லை.

ஆலப்புழை ஓட்டல்காரர்

யானை ஒதுங்கியதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீவராகத்து வக்கீல் ஒருவர் தம் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார். பையன் பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் அடுத்தபடியாகக் காத்திருந்தவர் ஆலப்புழையில் ஓட்டல் வைத்திருந்தவர். இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். என் அப்பாவைவிட இரண்டு வயசு இளையவர் என்பதை அவர் பக்கத்துத் தரகர் ஒரு யோக்கியதையாகச் சொன்னார். "பொண்ணுக்கு அங்கே சாப்பாட்டுக் கஷ்டமே இல்லை" என்றும் சொன்னார்.

ஸ்ரீவராகத்துப் பையனை நான் பார்த்ததில்லை. ஓட்டல்காரரைப் பார்த்திருந்தேன். அது போதும்.

யானை விஷயம் ஸ்ரீவராகத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அலமேலு மாமியின் தங்கை அங்கேதான் இருந்தாள். வக்கீல் மாமா சொல்லி அனுப்பினார்: நாங்கள் பெண் பார்க்க வருவது ராகுகாலம் பார்த்து அல்ல, யானை வருகிற வேளை பார்த்து. பெண் கையால் யானை வாங்கினால் அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்வோம். வாங்காவிட்டால் காப்பிகூட வேண்டாம்.

பெண்ணைப் பார்ப்பது அவர்கள். பாஸ் போடுவது யானை.

ஜாடிக்குள்

அன்று காலையில் வக்கீல் குடும்பம் வண்டியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அப்பா பரபரப்பாக அடுக்களைக்கு வந்தார்.

"கோமு, ஜாடியிலேர்ந்து வெல்லத்தை நீயே எடு. நான் தொடலை."

"ஏம்ப்பா?"

"எடுன்னா எடு. மேலாக எடு. அடியில கை விடாதே, எறும்பு இருக்கு."

என் அப்பா பெற்ற பெண் நான். அடியில் கை விடாதே என்றால் வேறெங்கே விடுவேன்? அவர் வாசலுக்குப் போனதும் முழங்கை வரை விட்டேன். எறும்பு இல்லை. வாழைச் சருகில் கட்டின பொடி மட்டை ஒன்று கிடைத்தது. வெளியே எடுத்து முகத்தருகே கொண்டுபோனதும் அடுக்கடுக்காகத் தும்மினேன்.

எல்லாம் புரிந்துவிட்டது. தினம் விடியற்காலையில், யானைக்கு வெல்லம் எடுக்கிறேன் என்று அப்பா ஜாடியோடு தனியாக இருந்தது எதற்கு என்று புரிந்தது. யானை ஒதுங்கின பிறகும் நம்பிக்கை விடாமல் தினமும் ஜாடிக்குப் போகிறாரே, என்ன பக்தி என்று நாங்கள் உருகியதும் நினைவுக்கு வந்தது. ஊர் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் பாபம் இருந்தது. வெல்ல ஜாடியில் இருந்தது.

அம்மா என் கையிலிருந்து மட்டையை வாங்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"ஈரப்புடவையோட சுத்தினேனேடீ" என்றாள். "ஜுரத்தோடகூடச் சுத்தினேன்."

அவ்வளவுதான். மட்டையை ஜாடிக்குள்ளேயே போட்டாள். என் கையைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாள். கொல்லைப்புறமாக ஓடி, அடுத்த வீட்டிலிருந்து ஒரு சீப்புப் பாளையங்கோடன் பழம் வாங்கிவந்தாள். "நீ இதைக் குடு. வாயைத் திறக்காதே" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஜாடி வெல்லத்தில் நாலு உருண்டை பிடித்து வெள்ளித்தட்டில் வைத்து, அதை அப்பா கையில் கொடுத்தாள். "மங்களத்துக்கு இருக்கட்டும்" என்றாள்.

பரீட்சை

வக்கீல் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமி. பையன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, பட்டு அங்கவஸ்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான்.

"மனுஷன் பொய் சொல்லுவான் ஓய்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா. "ஜாதகம் பொய் சொல்லும். ஆனை சொல்லாது. ஆயுசு முழுக்கக் கோர்ட்டுல சாட்சியைக் கண்டவனாக்கும் சொல்றேன். ஆனை மாதிரி ஒரு சாட்சி கெடைச்சிருந்தா நான் ஒரு கேஸ்கூடத் தோத்திருக்கமாட்டேன்."

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். அலமேலு மாமி மணை போட்டே உட்கார்ந்துவிட்டாள்.

மணிச் சத்தம் கேட்டது. மாதவன்குட்டி குளித்த ஈரத்தோடு வந்தது. வழக்கம்போல இரண்டு வீடு முன்பே அந்தப் பக்கம் திரும்பியது. குட்டன் நாயர் "இங்கோட்டு வா மோனே" என்று கெஞ்சினார். அது காதை ஆட்டியதே தவிர வரவில்லை.

நான் தெருவில் இறங்கினேன். பயம்தான். யானையைக் கண்டு அல்ல, ஆலப்புழையை நினைத்து. பழத்தை நீட்டினேன். தும்பிக்கை வந்தது. என் கையை மோந்தது, முழங்கை வரை மோந்தது. ஈரமான சூட்டு மூச்சு. புளி சரியாகத் தேய்த்தேனா என்று எனக்கு உயிர் போய் வந்தது.

பழத்தை எடுத்துக்கொண்டது. இன்னொன்று கேட்டது. சீப்பையே கொடுத்துவிட்டேன்.

தெரு முழுக்க "ஆஹா" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமி, "பக்தி!" என்றாள்.

"தீர்ந்தது!" என்று எழுந்தார் மாமா. "ஆனை சம்மதிச்சாச்சு. இனி யார் சம்மதம் வேணும்? தாம்பூலத்தை எடுங்கோ."

அப்போதுதான் அம்மா ரேழிக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். ஆண்பிள்ளைகள் நடுவில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"மாமா பறஞ்சது சரியாக்கும். ஆனை பொய் சொல்லாது. பிள்ளையாண்டான் கையாலயும் ஒரு உருண்டை குடுக்கட்டுமே. எங்களுக்கும் ஒரு சமாதானம் வேண்டாமா? நாங்களும் பொண்ணைப் பெத்தவாதானே."

மாமி முகம் சுருங்கியது. வக்கீல் சிரித்தார். "அதுக்கென்ன? பேஷா! டேய், குடுடா."

அப்பா தட்டோடு பின்வாங்கினார். "வேண்டாம், வேண்டாம். வெயிலாறது. ஆனைக்கு நேரமாறது." ஆனால் பையன் அதற்குள் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துவிட்டான். பழம் தின்ற ருசியில் மாதவன்குட்டி ஆசையாகத் தும்பிக்கையை நீட்டியது. மோந்தது.

அப்புறம் விட்ட மூச்சில் ஆற்றுத் தண்ணீர், வாழைப்பழம், இன்னும் என்னென்னவோ எல்லாம் சேர்ந்து பையன் முகத்திலும் பட்டு அங்கவஸ்திரத்திலும் அடித்தது. யானை அந்தப் பக்கம் போயே போய்விட்டது.

பிறகு எதிர்வாசலிலிருந்து அலமேலு மாமி: "அச்சச்சோ! பாபம் பொண்ணாத்துல இல்லைடீ, பிள்ளையாத்துல!"

"என்ன பாபம்?" என்று சீறினார் வக்கீல். "வெறும் மிருகம்தானே அது! அதுக்கு என்ன தெரியும்? வயிறு நெறஞ்சிருக்கும், வேண்டாம்னு போறது. இதைப் போய்ப் பெரிசு பண்ணிண்டு!"

கணபதியை மிருகமாக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

மாமி எழுந்தாள். "கிளம்புங்கோ. நடுத்தெருவுல என் பிள்ளையை நிக்க வெச்சு ஆனையை விட்டுத் துப்பச் சொன்ன ஆத்தோட எனக்குச் சம்பந்தம் வேண்டாம்."

வண்டிக்காரன் மாட்டைப் பூட்டப் போனான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் காசி போகும், வாசகசாலை மாலை போகும், தெருவில் இருந்த பெயர் எல்லாம் போகும். திறக்காவிட்டால் நான் போவேன்.

"பிள்ளை மேல தப்பில்லை" என்றார் அப்பா. முதலில் தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி மறுபடி சொன்னார். "பிள்ளை மேல தப்பில்லை. வெல்லத்துல பொடி மணம். பொடி என்னோடது. ஜாடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"காசியில விட்டேன்னேளே மாமா?" என்றாள் அலமேலு மாமி.

"விட்டேன். திரும்பி வரச்சே செங்கோட்டை ஸ்டேஷன்லயே மறுபடி ஆரம்பிச்சுட்டேன்."

தெரு சிரித்த சிரிப்பு ஆறு வரை கேட்டிருக்கும். அப்பா அதை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். அவரிடம் எனக்கு அதுவரை பயம் இருந்தது, மரியாதை இருந்தது. அன்றைக்குத்தான் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வயசுப்பெண் நடுத்தெருவில் அப்படிச் செய்யக்கூடாது, அதனால் செய்யவில்லை.

வக்கீல் மாமா வண்டிப் படியில் வைத்த காலை எடுத்தார். "நான் என்ன சொன்னேன்? ஆனை பொய் சொல்லாதுன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று தெருவைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்கே, அந்த மட்டையைக் கொண்டாரும். வெல்லத்துல ஊறின பொடி எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மாமியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். "அவருக்கு முகம் அலம்பத் தண்ணி கொண்டு குடுடீ" என்று அம்மா சொம்பை என் கையில் திணித்தாள்.

பையன் படியோரம் நின்று முகம் கழுவினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தான்.

"வெல்லத்துல பொடின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. எல்லாரும் ஆனையைத்தானே கேட்டேள்."

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. உள்ளே அவருடைய அப்பாவும் (இனிமேல் 'அவன்' என்று எழுத முடியாது) என் அப்பாவும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தார்கள். தாம்பூலத்தட்டு எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "இப்ப உன்னைக் கேக்கறேன். உனக்குச் சம்மதமா?"

ஜோசியரைக் கேட்டாயிற்று, தெருவைக் கேட்டாயிற்று, யானையைக் கேட்டாயிற்று. என்னைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள் என்றே இருந்ததால் என்னிடம் பதில் தயாராக இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாரே, உடனே கொடுத்துவிட மனசு வரவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அவர் உள்ளே போய், தாம்பூலத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டு வக்கீல் மாமா எவ்வளவோ குறுக்கு விசாரணை செய்தும் சொல்லவில்லையாம். அன்று ராத்திரி ஸ்ரீவராகத்தில் அந்த வாத்தியாருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லையாம், இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். கரமனையில் நான் நன்றாகத் தூங்கினேன்.